ஒரு கேள்வியும் ஆறாயிரம் கேள்விகளும்: நவீனப் புள்ளியியல் படிக்க நினைப்பவர்களுக்கு

பொறியியல் கல்லூரியில் புள்ளியியல் எப்படி இருந்தது என்று படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டி-சோதனை, எஃப்-சோதனை, கை-வர்க்கச் சோதனை. புத்தகத்தின் கடைசியில் அட்டவணை. கணக்குப் போட்டு வந்த எண் அட்டவணையில் உள்ளதைவிடப் பெரிதா, கருதுகோளை நிராகரி. சிறிதா, ஏற்றுக்கொள். பதினாறு மார்க் கையில்.

அதே ஆள் பதினைந்து, இருபது வருஷம் கழித்து ஆர்வத்தில் முதுகலை, ஆராய்ச்சி மட்டத்துப் புள்ளியியலை எடுத்துப் படிக்க உட்கார்ந்தால் மிரண்டுதான் போவார். சுருக்க மதிப்பீடு, லாசோ, பொய்க் கண்டுபிடிப்பு வீதம், எம்பிரிகல் பேயஸ் என்று பெயர்கள் வந்து விழும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தந்திரங்களை ஒரே மூட்டையில் கட்டியது போல இருக்கும். எங்கே பிடித்து எங்கே போவது என்றே தெரியாது.

நான் படித்த வரைக்கும், இவற்றில் பெரும்பகுதி ஒரே பிரச்சினைக்கான பதில்கள்தான். ஒரே ஒரு கேள்விக்காகச் செய்த கருவியை, ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இந்த நூலைப் பிடித்துக்கொண்டால் மூட்டை கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். அதைத்தான் நான்கு உதாரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

பழைய கருவி எதற்காகச் செய்தது?

நாம் கல்லூரியில் படித்ததில் பாதி, ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் உருவானது. ஆராய்ச்சியாளர்களுக்காக அவர் எழுதிய புகழ்பெற்ற கையேடு 1925-ல் வந்தது. வயலில் ஒரு பாதிக்கு உரம், மறுபாதிக்கு இல்லை. விளைச்சலில் வித்தியாசம் இருக்கிறதா? ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தால்தான் பதில் கிடைக்கும். அதனால் கேள்வியும் யோசித்து, ஒன்றோ இரண்டோதான் கேட்பார்கள்.

இங்கே வருவதுதான் பி-மதிப்பு. உரத்தால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி. அது 0.05-க்குக் கீழே போனால், அதாவது இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், இது தற்செயல் இல்லை போலிருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கலாம். கவனிக்க: பி என்பது 'கருதுகோள் சரியாக இருக்கும் வாய்ப்பு' இல்லை. இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போனால் எல்லாமே குழம்பும்.

இப்போது உரம் ஒன்றுக்குப் பதிலாக இருபது உரம். எதற்குமே பயன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், குறைந்தது ஒன்றாவது 0.05-ஐத் தாண்டிக் 'கண்டுபிடிப்பாக' வெளியே வரும் வாய்ப்பு 64 சதவீதம். கருவியில் கோளாறு இல்லை. நாம்தான் அதை இருபது தடவை இழுத்துவிட்டு, ஒரு தடவை இழுத்த மாதிரி படிக்கிறோம்.

செத்த மீனின் மூளை

இதை உலகத்துக்கே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு மீன். 2009-ல் கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் ஒரு அட்லாண்டிக் சால்மன் மீனை மூளை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்தார்கள். மனிதர்கள் இருக்கும் புகைப்படங்களை அதற்குக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று கேட்டார்கள். மீன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

ஸ்கேன் செய்த பகுதியில் 8064 சிறு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை. எல்லையை 0.05 என்றுகூட வைக்கவில்லை, 0.001 என்று கறாராகவே வைத்தார்கள். அப்படியும் 16 கட்டங்கள் 'செயல்பட்டன'. 8064-ஐ 0.001-ஆல் பெருக்கிப் பாருங்கள், சும்மாவே 8 வரும். எத்தனை சோதனை செய்தோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டதும் மீன் பழையபடி செத்துப்போனது. 2012-ல் இதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது.

சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்து மூளை ஸ்கேன் ஆய்வுகளில் கணிசமானவை இந்தத் திருத்தம் இல்லாமலேயே வெளிவந்துகொண்டிருந்தன. அவற்றில் ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்கள் உயிருள்ள மனிதர்கள். அதனால் முடிவுகளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

ஆறாயிரம் மரபணுக்கள், இரண்டு பயங்கள்

அடுத்தது, பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு தரவு. 2002-ல் வெளியான புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வு. 52 நோயாளிகள், நோயில்லாத 50 பேர், ஆக 102 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் 6033 மரபணுக்களின் செயல்பாட்டு அளவு. எந்த மரபணு இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசப்படுகிறது?

0.05 எல்லையில் பார்த்தால், ஒரு மரபணுவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் ஏறத்தாழ 302 மரபணுக்கள் தேறிவிடும். ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் மேற்கொண்டு சோதிக்க மாதங்களும் பணமும் ஆகும். முந்நூறு பொய்களை நம்பி ஆராய்ச்சி மாணவர்களின் வாழ்க்கையைக் கரைக்க முடியாது.

பழைய தீர்வு இத்தாலியக் கணிதவியலாளர் போன்ஃபெரோனியின் பெயரில் இருக்கிறது. எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடு. 0.05-ஐ 6033-ஆல் வகுத்தால் 0.0000083. ஒரே ஒரு பொய்கூட உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் கட்டிய கோட்டை இது. பொய் வராது, சரி. ஆனால் உண்மையும் வாசலிலேயே நின்றுவிடும். நோய்க்குச் சம்பந்தமுள்ள மரபணுவைத் தவறவிடுவதும் இழப்புதானே?

1995-ல் யோவ் பெஞ்சமினியும் யோசெஃப் ஹோக்பெர்கும் கேள்வியையே மாற்றினார்கள். 'ஒரு பொய்கூட வரக் கூடாது' என்று கேட்காதே. 'நான் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பட்டியலில் சராசரியாக எத்தனை சதவீதம் பொய்?' என்று கேள். இதுதான் பொய்க் கண்டுபிடிப்பு வீதம்.

செய்முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. எல்லா பி-மதிப்புகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். 10 சதவீதப் பொய்யைப் பொறுத்துக்கொள்வதாக முடிவு செய்தால், முதல் மரபணுவுக்கு எல்லை 0.1-ஐ 6033-ஆல் வகுத்தது. இரண்டாவதற்கு அதைப்போல இரண்டு மடங்கு. 28-வதற்கு 28 மடங்கு. தன் எல்லைக்குக் கீழே இருக்கும் கடைசி மரபணுவைக் கண்டுபிடித்து, அதுவரைக்கும் உள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இது வேலை செய்கிறது? 28-வது எல்லை சுமார் 0.00046. எல்லா மரபணுக்களுமே வெறும் இரைச்சலாக இருந்தால், இந்த எல்லைக்குக் கீழே தற்செயலாக வந்து விழக்கூடியவை 6033-ஐ 0.00046-ஆல் பெருக்கினால் வரும் 2.8. நம் கையில் இருப்பவையோ 28. அப்போ பொய் ஏறத்தாழ பத்தில் ஒன்று. அவ்வளவுதான் சங்கதி.

புராஸ்டேட் தரவில் 10 சதவீதத்துக்கு இந்த முறை தருவது சரியாக 28 மரபணுக்கள். போன்ஃபெரோனியைச் சற்றே மேம்படுத்திய ஹோல்ம் முறை அதே 0.1-க்குத் தருவது 7. ஆர் மொழியில் இரண்டுக்குமே ஒரு வரி நிரல் போதும்.

இதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். 28-ல் சுமார் மூன்று பொய் என்றுதான் சொல்லும், எந்த மூன்று என்று சொல்லாது. மூலக் கட்டுரையின் நிரூபணம் ஒன்றையொன்று சாராத சோதனைகளுக்கானது. மரபணுக்களோ கூட்டாகச் செயல்படுபவை. சார்பு இருக்கும்போது என்ன ஆகும் என்பதை வைத்தே தனி ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

நிறைய கேள்வி இருப்பதால் ஒரு லாபம்

இதுவரை நிறைய கேள்விகள் இருப்பதைத் தொல்லையாகவே பார்த்தோம். அதில் பெரிய லாபமும் இருக்கிறது என்று காட்டியவர் சார்லஸ் ஸ்டைன்.

நம்ம நாட்டுப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1945-ல் வெளியிட்ட கட்டுரையில், பிறழ்ச்சியற்ற மதிப்பீடு ஒன்று எவ்வளவுதான் துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லையை நிறுவினார். இன்று அது கிராமர்–ராவ் எல்லை. நம் பழைய நண்பனான சராசரி, இயல்நிலைப் பரவலில் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆக சராசரியை மிஞ்ச முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

1956-ல் ஸ்டைன் வேறொன்றை நிரூபித்தார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சராசரியை எடுப்பதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. கூட்டுப் பிழையின் எதிர்பார்ப்பு எப்போதுமே குறைவாக இருக்கும். 1961-ல் அவரும் வில்லார்ட் ஜேம்ஸும் அதற்கான எளிய சூத்திரத்தையே கொடுத்தார்கள். ராவின் எல்லை உடையவில்லை. அது பிறழ்ச்சியற்ற மதிப்பீடுகளுக்கானது. ஸ்டைன் கொஞ்சம் பிறழ்ச்சியை ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு நிறைய தடுமாற்றத்தைக் குறைத்தார்.

பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் இதை பேஸ்பால் கணக்கில் காட்டினார்கள். 1970 சீசன், 18 ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவரும் முதல் 45 முறை மட்டையோடு நின்றதில் எத்தனை முறை அடித்தார்கள் என்ற விகிதம். (கிரிக்கெட் சராசரி போல இல்லை. இது 0-க்கும் 1-க்கும் இடையிலான எண்.) இதை வைத்து மீதி சீசனைக் கணிக்க வேண்டும். ரொபெர்ட்டோ கிளெமெண்டே 0.400 என்று முதலிடத்தில். மேக்ஸ் ஆல்விஸ் 0.156 என்று கடைசியில். பதினெட்டுப் பேருக்கும் பொதுச் சராசரி 0.265.

இங்கேதான் யோசிக்க வேண்டும். எல்லாருடைய உண்மைத் திறமையும் 0.265 என்றே வைத்துக்கொண்டாலும், 45 வாய்ப்பில் தற்செயலால் மட்டும் வரக்கூடிய திட்டவிலக்கம் சுமார் 0.066. தரவில் பார்த்த திட்டவிலக்கமோ சுமார் 0.070. அதாவது நாம் பார்க்கும் ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி வெறும் இரைச்சல். இது ஒரு ஆட்டக்காரரை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. பதினெட்டுப் பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே ஒவ்வொருவரையும் பொதுச் சராசரியை நோக்கி இழுக்க வேண்டும். சூத்திரப்படி, விலகலில் 0.212 பங்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிளெமெண்டே 0.294 ஆகிறார், ஆல்விஸ் 0.242 ஆகிறார். சீசன் முடிந்து பார்த்தால், சும்மா சராசரியை நம்பியதன் மொத்த வர்க்கப் பிழை 0.077, ஸ்டைன் முறையின் பிழை 0.022. மூன்றரை மடங்கு லாபம்.

ஆனால் கிளெமெண்டே மீதி சீசனில் அடித்தது 0.346. நிஜமாகவே அசாத்தியமான ஆளை இந்த முறை கூட்டத்தோடு சேர்த்துக் கீழே இழுத்திருக்கிறது. உத்தரவாதம் கூட்டத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. பேஸ்பாலில் இது சுவாரசியமான விஷயம். மருத்துவமனைகளையோ பள்ளிகளையோ இதே முறையில் தரவரிசைப்படுத்தும்போது, யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

முதலிடத்தின் சாபம்

மரபணுவும் பேஸ்பாலும் சேரும் இடம் இது. 6033 மரபணுக்களில் மிகப் பெரிய வித்தியாசம் காட்டியது 610 என்ற எண்ணுள்ள மரபணு. அதன் அளவு 5.29. இது முதலிடம் பிடிக்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நிஜமாகவே பெரிய விளைவு. இன்னொன்று, இரைச்சலும் அதற்குச் சாதகமாக அடித்தது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் ஒருவரை முதலிடத்துக்குக் கொண்டுவரும். எஃப்ரான் மற்ற ஆறாயிரம் மரபணுக்களின் பரவலையும் வைத்துக் கணக்கிட்டபோது அதன் விளைவு 4-ஐ ஒட்டி இறங்கியது.

இதுதான் எம்பிரிகல் பேயஸ். பேயஸ் முறைக்கு ஒரு முன்னனுமானம் வேண்டும். அது எங்கிருந்து வரும் என்பது பழைய சண்டை. நிறைய கேள்விகள் இருக்கும்போது முன்னனுமானத்தைத் தரவே சொல்லிவிடுகிறது. ஹெர்பர்ட் ராபின்ஸ் இந்தப் பெயரோடு எழுதிய கட்டுரையும் ஸ்டைனின் கட்டுரையும் 1956-ல் ஒரே பெர்க்லி கருத்தரங்கத் தொகுப்பில்தான் வெளியாயின. முதல் ஆய்வில் பிரமாதமாகத் தெரிந்த மருந்து அடுத்த ஆய்வில் சுமாராகப் போவதற்கும் இதே காரணம் இருக்கலாம். யாரும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது

கடைசி உதாரணம், மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு மிக நெருக்கமானது. 1983-ல் டேவிட் ஃப்ரீட்மன் ஒரு சின்ன சோதனை செய்தார். 100 வரிசை, 50 மாறிகள், விளக்க வேண்டிய ஒரு நெடுவரிசை. எல்லாமே கணினியில் உருவாக்கிய சம்பந்தமில்லாத இரைச்சல். ரிக்ரஷன் ஓட்டினார். பி-மதிப்பு 0.25-க்குக் கீழே இருந்த 15 மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதே தரவில் மறுபடி ஓட்டினார். இப்போது அவற்றில் 6 மாறிகள் 0.05 எல்லையில் தேறின. மொத்த மாதிரியின் பி-மதிப்பு 0.0005. எதுவுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு கண்டுபிடிப்பு!

இங்கே ஃப்ரீட்மன் இரண்டாவது முறை ஓட்டியதை மட்டும் பார்ப்பவருக்குக் கேட்ட கேள்வி 15 என்றுதான் தெரியும். உண்மையில் 50. தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய தரவையே மதிப்பிடவும் பயன்படுத்தியதால் வந்த வினை.

1996-ல் ராபர்ட் டிப்ஷிரானி கொண்டுவந்த லாசோ, மாறிகளைத் தேர்ந்தெடுப்பதையும் சுருக்குவதையும் ஒரே அடியில் செய்கிறது. ஸ்டைனின் சுருக்கம் அதில் இருப்பது தெரிகிறது இல்லையா? ஆனால் லாசோ தேர்ந்தெடுத்த மாறிகளை எடுத்துப் பழைய முறையில் நம்பிக்கை இடைவெளி போட்டால் ஃப்ரீட்மன் பொறியில்தான் மறுபடி விழுவோம். தேர்வுக்குப் பிந்தைய அனுமானம் என்று இன்று நடக்கும் ஆராய்ச்சி இதைச் சரிசெய்யத்தான். மிகப் பழைய, எளிய வழியும் ஒன்று உண்டு. தரவை முதலிலேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தேடு, மறுபாதியில் சோதி.

நாம் அலுவலகத்தில் செய்யும் ஏ/பி சோதனையில் 40 அளவுகளைப் பார்க்கிறோம் என்றால், மாற்றத்தால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு அளவு 'தேறும்'. அதற்குமேல் ஊர்வாரியாக, வயதுவாரியாக, ஆண்ட்ராய்டா ஐபோனா என்று வெட்டிப் பார்த்தால் எங்காவது ஒரு மூலையில் நல்ல செய்தி கிடைத்தே தீரும். கூட்டத்தில் காட்டும் ஸ்லைடில் அந்த மூலை மட்டும்தான் இருக்கும்.

எப்படிப் படிப்பது?

நேரியல் இயற்கணிதமும் பல மாறி நுண்கணிதமும் நிகழ்தகவும் கையில் இல்லாமல் முடியாது. அவற்றை என்பிடெல் பாடங்களில் புதுப்பித்துக்கொள்ளலாம். அதன்பின் கசெல்லா, பெர்கர் எழுதிய புள்ளியியல் அனுமானப் பாடநூல். பயிற்சிக் கணக்குகளைப் போட்டே ஆக வேண்டும், படித்தால் மட்டும் உள்ளே போகாது. பிறகு எஃப்ரானும் ஹேஸ்டியும் 2016-ல் வெளியிட்ட கணினிக் காலத்துப் புள்ளியியல் அனுமானம் பற்றிய நூல். இந்தக் கட்டுரையில் உள்ள மரபணு, பேஸ்பால் கணக்குகள் அதிலேயே விரிவாக இருக்கின்றன. ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். வெயின்ரைட்டின் உயர்பரிமாணப் புள்ளியியல் போன்றவற்றை இதற்கெல்லாம் பிறகு தொடலாம். நேராக அங்கே போனால் சமனின்மைகளின் காட்டில் தொலைந்துபோவோம்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தேற்றம் புரிவதற்கு முன்பே அது சொல்வதை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஃப்ரீட்மன் சோதனை பைத்தானில் பத்துப் பதினைந்து வரிதான். இரைச்சலை உருவாக்கி, மாறிகளை வடிகட்டி, மறுபடி ஓட்டி, எத்தனை தேறுகிறது என்று பாருங்கள். அதை ஆயிரம் தடவை ஓட்டுங்கள். பிறகு வரிசைகளை இரண்டு மடங்காக்கி, வடிகட்டுவதை ஒரு பாதித் தரவிலும் சோதிப்பதை மறுபாதியிலும் செய்து, தேறுபவை சராசரியாக இருபதில் ஒன்றாக இறங்குகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒரு பி-மதிப்பைக் காட்டினால், அதற்கு முன் எத்தனை கேள்விகள் கேட்டீர்கள் என்று விசாரிக்கத் தோன்றும். நம் சொந்த ஆய்வென்றால் அந்த எண்ணிக்கையை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது.